ஸ்கோலியோசிஸ் சார்ட்கள்: உங்கள் கைக்கு வந்தவற்றைச் சொல்லுங்கள்

ஆர்த்தோ கோடர், சென்னை:

எங்கள் டீமுக்கு வருவதெல்லாம் அமெரிக்கக் குழந்தைகள் எலும்பு மருத்துவச் சார்ட்கள்; டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு (குறியீட்டு எண்) போடுவது எங்கள் வேலை. அதில் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, நிறைய. அண்மையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 14 வயதுப் பெண். டாக்டரின் அசெஸ்மென்ட்டில் "தொராசிக் ஸ்கோலியோசிஸ், 28 டிகிரி, நாலு மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே" என்பதோடு சரி. புதிதாகச் சேர்ந்த தம்பி உடனே எம்41.124 போட்டான், அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் உள்ளது. காரணம் தெரியாமல் பதின்வயதில் வரும் வளைவு, மார்புப் பகுதி என்று அர்த்தம். "வயசு பதினாலு அக்கா, வேற என்னவா இருக்கும்?" என்றான்.

பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒரு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் டி8-இல் (மார்புப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு) ஹெமிவெர்டிப்ரா என்று இருந்தது. முள்ளெலும்பு பாதிதான் உருவாகியிருக்கிறது; கருவிலேயே ஏற்படுவது. அதனால் வந்த வளைவு என்றால் கோடு கியூ76.3. எம்41-இன் தலைப்பிலேயே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு அதைத் தள்ளி வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடவும் வழியில்லை.

அதற்காக ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே கியூ76.3 போட்டுவிடவும் கூடாது. டாக்டரிடமே விளக்கம் கேட்டு எழுதும் குவெரி அனுப்பினோம். "இது பிறவி வளைவுதானே?" என்று கேட்டால் பதிலை நாமே டாக்டர் வாயில் வைத்ததாகிவிடும். எக்ஸ்ரேயில் இருந்ததை அப்படியே எடுத்துக் காட்டி, பிறவியில் வந்தது, காரணம் தெரியாதது, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லாத் தெரிவுகளையும் கொடுத்தோம். பிறவி வளைவு என்று டாக்டர் அடெண்டம் (பிற்சேர்க்கைக் குறிப்பு) எழுதினார்.

கோடு மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பிறவி வளைவுள்ள பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் கூடக் கோளாறு இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். அந்தப் பிரச்சினைப் பட்டியலைத் திறக்கும் அடுத்த டாக்டருக்கு அது தெரிய வேண்டாமா?

ஆடிட்டர், கோவை:

அக்கா சொன்ன மாதிரிச் சார்ட்கள் எனக்கும் வரும். நான் சர்ஜரி பக்கம் பேசுகிறேன், அங்கேதான் பணமே தொலைகிறது.

ஒரு சார்ட்டில் வளைவைச் சரிசெய்ய டி3 முதல் எல்3 (இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு) வரை பின்பக்க ஃபியூஷன், அதாவது முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் சர்ஜரி. கோடர் சிபிடி எனும் அமெரிக்கச் சிகிச்சைக் குறியீடுகளில் ஃபியூஷனுக்கு 22802-உம் ராட், ஸ்க்ரூவுக்கு 22843-உம் போட்டிருந்தார். இரண்டுமே 7 முதல் 12 செக்மென்ட் (முள்ளெலும்பு) வரைக்கானவை. கைவிட்டு எண்ணிப் பாருங்கள். டி3-இலிருந்து டி12 வரை பத்து எலும்பு, இடுப்பில் மூன்று, ஆக 13. 22804-உம் 22844-உம் வந்திருக்க வேண்டும். கோடர் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ணியிருக்கிறார், அது 12தான் வரும். வயதானவர்களின் தேய்மான ஃபியூஷன் சார்ட்களையே பார்த்துப் பழகிய கை அப்படித்தான் எண்ணும். அத்தகைய ஃபியூஷனுக்குப் போடும் 22612-க்கு இடைவெளிக் கணக்குதான். வளைவைச் சரிசெய்யும் 22800, 22802, 22804-க்கு முள்ளெலும்புக் கணக்கு.

இன்னொன்று. 70 வயதுக்காரருக்கு நரம்பு நெருக்கடிக்காக இரண்டு எலும்பை இணைத்திருப்பார்கள், நோட்டில் எங்கோ ஸ்கோலியோசிஸ் என்றும் இருக்கும். அதை மட்டும் பார்த்து வளைவைச் சரிசெய்யும் டிஃபார்மிட்டி கோடுக்குத் தாவுவதைப் பல ஆடிட்களில் பார்க்கிறேன். சர்ஜரி எதற்காக நடந்தது என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படியுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள், ஆபரேஷன் நோட்டின் உடல் பகுதியில் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடித்தார் என்பதுதான் கணக்கு.

2015 அக்டோபர் 1-க்கு முன்னால், பழைய ஐசிடி-9 பட்டியலில், 737.30 என்று போட்டால் போதும், முதுகின் எந்தப் பகுதி என்று கோடு கேட்காது. இன்று கேட்கிறது. டாக்டர்களில் பலர் இன்னும் பழையபடிதான் எழுதுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

ஓபி கோடர், திருச்சி:

எங்களுக்கு வருவது பள்ளிப் பரிசோதனைக்குப் பிறகு குடும்ப டாக்டரிடம் போகும் பிள்ளைகளின் சார்ட். குனியச் சொல்லிப் பார்த்தால் ஒரு பக்கம் விலா மேடாகத் தெரியும். டாக்டர் "பாசிபிள் ஸ்கோலியோசிஸ்" என்று எழுதி எக்ஸ்ரேக்கு அனுப்புவார். அன்றைய விசிட்டுக்கு எம்41.9 (வகை குறிப்பிடாத ஸ்கோலியோசிஸ்) போடவே கூடாது. புறநோயாளி விதிப்படி சந்தேகத்தைக் கோடு ஆக்கக் கூடாது. அவர் கண்ட அறிகுறியைத்தான் போட வேண்டும். உட்காரும் நிற்கும் நிலையில் கோளாறு என்று எழுதியிருந்தால் ஆர்29.3.

நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் குறைந்தது 10 டிகிரி இருந்தால்தான் அது ஸ்கோலியோசிஸ். 7 டிகிரி என்று எக்ஸ்ரே வந்த ஒரு பையன் சார்ட்டில், முந்தைய விசிட்டில் யாரோ போட்ட எம்41.9 அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. இல்லாத நோய் ஒரு பிள்ளை பெயரில் ஏறிவிட்டது. எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், மதுரை:

நான் இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் எம்41.1-க்குள்ளேயே சிறுவயது, பதின்வயது இரண்டும் அடக்கம், உங்கள் அமெரிக்கப் பதிப்பைப் போல எம்41.11, எம்41.12 என்று பிரிவதில்லை. அந்த எம்41.1-ஐயாவது போட்டால் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் "ஸ்கோலியோசிஸ்" என்று வருவதால் ரெஜிஸ்டரில் வரிசையாக எம்41.9. பதின்வயதுக் கேஸ்களை எடுத்துத் தாருங்கள் என்று சர்ஜன் ஒருவர் கேட்டபோது, ஒவ்வொரு ஃபைலாகப் பிரித்துத்தான் தேட வேண்டியிருந்தது. ஒரு சந்தேகம், சென்னை அக்காவுக்கு: தசைச் சிதைவு நோயால் வளைந்தால் எதை முதலில் போடுவீர்கள்?

ஆர்த்தோ கோடர், சென்னை:

டஷேன் (ஒரு வகைத் தசைச் சிதைவு நோய்) என்று டாக்டர் எழுதியிருந்தால் எங்கள் பதிப்பில் ஜி71.01, வளைவுக்கு எம்41.4-இல் பகுதிக்கேற்ற கோடு. எம்41.4-க்குக் கீழே "கோட் ஆல்சோ" (காரண நோயையும் கோடு செய்) என்றுதான் இருக்கிறது, அது வரிசையைக் கட்டாயப்படுத்தாது. அன்றைக்கு எதற்காகப் பிள்ளையைக் கூட்டி வந்தார்களோ அது முதலில் வரும். வளைவுக்கான சர்ஜரி என்றால் எம்41.4, நரம்பியல் டாக்டரிடம் தசை பலவீனத்துக்காக வந்தால் ஜி71.01. ஒன்று மட்டும் கவனியுங்கள்: டாக்டர் இரண்டையும் தனித்தனியாக எழுதி, ஒன்றால் மற்றது வந்தது என்று எங்கும் சொல்லவில்லை என்றால் நாங்கள் அதற்கும் குவெரி போடுகிறோம்.