பழைய பிக்கப் வண்டி: உள் பேனல்களை மாற்றும்போது சீட் பெல்ட்டையும் மாற்றுவது குறித்து

கேள்வி

வணக்கம். என்னிடம் 1990களின் தொடக்கத்தில் வந்த, இரண்டு கதவுகள் கொண்ட பிக்கப் வண்டி ஒன்று உள்ளது. இயந்திரத்தில் குறையில்லை; உட்புறம்தான் வெயிலில் வெளுத்து, பி பில்லர் (கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண்) பேனல்கள் தொட்டாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதே மாடலில், பிரிப்பதற்காக நிறுத்தி வைத்திருக்கும் வேறொரு வண்டியிலிருந்து பேனல்கள் முழுவதும் கிடைக்கின்றன. என்னுடையது சாம்பல் நிறம், அது பழுப்பு நிறம். அந்த வண்டியின் சீட் பெல்ட்டுகளையும் சேர்த்தே தருவதாகச் சொல்கிறார்கள். என் பெல்ட்டின் ஓரங்கள் பிசிறடித்து, இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவற்றை வாங்கிப் பொருத்தலாமா? எந்த வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும்?

பதில் 1

பேனல்களைத் தயங்காமல் வாங்குங்கள். பெல்ட்டுகளை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெல்ட்டின் நாடா பாலியெஸ்டர் இழை. பல ஆண்டுகள் கண்ணாடி வழியே வெயில் பட்டதில் அதன் வலு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அளவிட முடியாது. அதோடு, அந்த வண்டி ஏன் பிரிக்கப்படுகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். விபத்தில் ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. தோளுக்கு மேலே நாடா திரும்பும் வளையத்தின் பிளாஸ்டிக்கில் உராய்ந்து உருகிய கோடுகள், அதே இடத்தில் நாடாவில் பளபளப்பு, மடித்துத் தைத்த பகுதியில் பிரிந்த தையல் ஆகியவை அதற்கான அடையாளங்கள். இவை எதுவும் இல்லை என்பதால் மட்டும் பெல்ட் நல்லது என்று ஆகிவிடாது. உங்கள் மாடலுக்கென்றே செய்த புதிய பெல்ட்டை வாங்குவதுதான் முறை.

புதிய பெல்ட் வந்ததும் பலர் அதைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாடாவைச் சுருட்டி உள்ளிழுக்கும் ரிட்ராக்டருக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் எஃகுக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். சில வகைகளில் அதற்குப் பதிலாக ஒரு ஊசல் இருக்கும். வண்டி திடீரென வேகம் குறையும்போது குண்டு உருண்டு மேலிருக்கும் நெம்பை உயர்த்த, அது பல்சக்கரத்தில் மாட்டி நாடாவை நிறுத்திவிடும். ரிட்ராக்டர் சாய்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே, வண்டியில் அது எந்தக் கோணத்தில் நிற்குமோ அதே கோணத்தில் பிடித்து, மெதுவாக இழுத்துச் சோதியுங்கள். இடப்பக்கத்து ரிட்ராக்டரை வலப்பக்கத்தில் பொருத்தக் கூடாது என்பதற்கும், நீண்ட கேபின் மாடலின் பெல்ட் குட்டைக் கேபினுக்கு ஒத்துவராது என்பதற்கும் பெரும்பாலும் இந்தக் கோணமே காரணம்.

போல்ட்டுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலான வண்டிகளில் 7/16 அங்குலத் தடிமனும் அங்குலத்துக்கு 20 புரியும் கொண்ட கடினப்படுத்திய போல்ட்டே இருக்கும்; மற்ற இடங்களில் மில்லிமீட்டர் போல்ட்டுகளைப் பயன்படுத்தும் வண்டிகளிலும் பெல்ட்டுக்கு இதைப் பார்க்கலாம். அளவு ஒத்துப்போகிறதே என்று சாதாரண போல்ட்டை அங்கே போடாதீர்கள். அசல் போல்ட்டின் கழுத்தில் உள்ள படிதான், முறுக்கிய பின்பும் பெல்ட்டின் தகடு தாராளமாகச் சுழல இடம் கொடுக்கிறது. வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை உங்கள் மாடலின் பணிமனைக் கையேட்டில் பார்த்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

பதில் 2

பேனல் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் கதவுப்படியின் மேல் இருக்கும் பட்டை, அடுத்து கதவோர ரப்பர், பிறகு இருக்கை என்ற வரிசையில் கழற்றுங்கள். இருக்கையை வெளியே எடுக்காமல் பின் பேனலோடு மல்லுக்கட்டினால் பேனல் விரிசல் விடும். பல மாடல்களில் பி பில்லர் பேனலில் உள்ள துளை வழியே நாடா வருவதால், பெல்ட்டின் கீழ் போல்ட்டையும் மேல் வளையத்தையும் கழற்றினால்தான் பேனல் விடுபடும். திரும்பப் பொருத்தும்போது நாடாவை முதலில் துளையில் நுழைத்து, முறுக்கு விழாமல் பார்த்த பின்னரே கிளிப்புகளை அழுத்துங்கள்.

பழைய பிளாஸ்டிக் குளிரில் கண்ணாடி போல் உடையும். தலைமுடி உலர்த்தியால் கிளிப் இருக்கும் இடத்தைச் சூடாக்கி, கிளிப்புக்கு மிக அருகில் நெம்புகோலை வைத்துத் தூக்குங்கள்.

நிறம் மாற்றுவதற்கு முன் பேனலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் சாயம் எளிதில் பிடிக்கும். விரிசலை அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் குழம்பால் ஒட்டவும் முடியும். பாலிப்ரொப்பிலீன் என்றால் அசிட்டோன் பயன்படாது. ஒட்டுதலைக் கூட்டும் அடிப்பூச்சு இல்லாமல் அடித்த சாயம் உரிந்து வந்துவிடும். பேனலுக்குப் பொருந்த வேண்டும் என்று பெல்ட் நாடாவுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சாயம் போடாதீர்கள். சாயமும் வெளுப்பான்களும் இழையைக் கெடுக்கும். நாடாவைச் சுத்தம் செய்ய மிதமான சோப்பு நீர் போதும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பெல்ட்டைப் புதிதாகவே வாங்குகிறேன். ஓட்டுநர் பக்கத்துக் கீழ் போல்ட் துருவேறி அசைய மறுக்கிறது. வெட்டி எடுக்கலாமா?

பதில் 1

வெட்டுவது கடைசி வழி. துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஓர் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். தலையின் குழியில் உள்ள அழுக்கைக் குத்தியெடுத்து, சரியான அளவு டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர வடிவ) முனையைச் சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகு, இறுக்கும் திசையில் சற்று அசைத்துவிட்டுத் தளர்த்துங்கள். கம்பளமும் எண்ணெயும் இருக்கும் இடம் என்பதால் தீச்சுடர் வேண்டாம்.

போல்ட் வெளியே வந்ததும் கம்பளத்தை விலக்கி, நட்டு பற்றவைத்திருக்கும் தடித்த தகட்டையும் அதைச் சுற்றியுள்ள தரையையும் கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி உள்ளே இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தரைத் தகட்டை முறையாக வெட்டிப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுங்கள். தரை உறுதியாக இருந்தால் அதே 7/16க்கு 20 புரி அளவுள்ள டேப்பால் (புரி வெட்டும் கருவி) நட்டின் புரியைச் சுத்தம் செய்து, புதிய போல்ட்டைக் கையாலேயே முதல் சில சுற்றுகள் ஏற்றுங்கள்.