கொராசோன் அக்கினோ பற்றிப் பேச எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

காரைக்குடி அம்மா: மகளுக்குப் பேச்சுப் போட்டி, பிலிப்பைன்ஸின் கொராசோன் அக்கினோவை எடுத்திருக்கிறாள். இல்லத்தரசி அதிபரானார் என்பதைத் தாண்டி நகர மாட்டேன் என்கிறது. என்ன சேர்க்கலாம்?

தேவகோட்டைக்காரன்: 1983 ஆகஸ்ட் 21-ல் தொடங்கச் சொல்லுங்க அக்கா. அதிபர் மார்கோஸை எதிர்த்து அரசியல் செய்து, நாடு திரும்பிய கணவர் நினாயை மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுவிட்டார்கள். அப்புறம் மார்கோஸை எதிர்த்து அக்கினோ நின்ற 1986 பிப்ரவரி தேர்தல். கணினியில் வருகிற எண்ணிக்கையும் பலகையில் போடுகிற எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று வாக்குக் கணக்கெடுத்த ஊழியர்களே எழுந்து வெளியே நடந்தார்கள் பாருங்க, அந்தக் காட்சியை விட்டுடாதீங்க. அப்புறம் மக்கள் திரண்ட மணிலாவின் எட்சா சாலையில் ஜெபமாலையோடு கன்னியாஸ்திரிகள் ராணுவ வண்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டார்கள், நாலே நாளில் மார்கோஸ் ஓட்டம்.

பள்ளத்தூர் வாத்தியார்: ஒரேயடியாகப் புகழ வேண்டாம். அவர் பிறந்த வீடு பெரிய கரும்புத் தோட்டக்காரர்கள், நிலச் சீர்திருத்தம் அரைகுறைதான். 1987 ஜனவரியில் மணிலாவின் மெண்டியோலா தெருவில் நிலம் கேட்டு வந்தவர்களில் 13 பேர் சுடப்பட்டு இறந்ததும் இவர் ஆட்சியில். ஆனால் அதிபருக்கு ஆறு வருடம், ஒரே தடவை என்று அதே ஆண்டு சாசனத்தில் எழுதி, 1992-ல் இறங்கியும் போனார்.

காரைக்குடி அம்மா: நன்றி தம்பி, நன்றி சார். அக்கினோவுக்கு மஞ்சள்தான் அடையாளமாம், ஆச்சியின் மஞ்சள் கண்டாங்கியைக் கட்டுவேன் என்கிறாள். அரக்குக் கரை இருந்தால் பரவாயில்லையா?