புதுப்பிப்பு: கண்ணாடிப் பாப்பா இப்போது எங்களைக் கலாய்க்கிறாள்

15 மாத மகள் கண்ணாடியில் தெரியும் பாப்பாவுக்கு முறுக்கு ஊட்டப் பார்க்கிறாள், மூக்கில் மை வைத்தாலும் கண்ணாடியைத்தான் துடைக்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். (1972-இல் உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் குழந்தைகளின் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்த அதே சோதனைதான், எங்கள் வீட்டில் திருஷ்டி மை.) 18 முதல் 24 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று பிடிபட்டுவிடும், பொறுங்கள் என்றீர்கள்.

இப்போது 22 மாதம். போன வாரம் மறுபடி மை வைத்தோம். கண்ணாடியைப் பார்த்தாள், நேராகத் தன் மூக்கைத் தேய்த்தாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தால், மை ஒட்டிய விரலோடு போய், தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் மூக்கில் ஒரு பொட்டு!

அப்புறம் கிண்டல் வேறு. "காக்கா எப்படிக் கத்தும்?" என்றால் "ம்மா" என்கிறாள். தெரியாமல் இல்லை, சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் எங்கள் முகத்தையே பார்க்கிறாள். சிரித்தோமோ, தொலைந்தோம், இன்னும் பத்துத் தடவை. மனைவி இரண்டாவது தடவையிலேயே சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். என்னால்தான் முடியவில்லை. நேற்று "அப்பா எங்கே?" என்று கேட்டதற்கு மின்விசிறியைக் காட்டினாள்.