28 நாள் முடிந்தும் ஓடு உடையாத வாத்து முட்டைகள்

முதன்முறையாக வீட்டு இன்குபேட்டரில் அடைவைத்த 12 நாட்டு வாத்து முட்டைகளில், 28 நாள் முடிந்தும் ஒன்றில்கூட விரிசல் விழவில்லை. ஆரணிப் பக்கம் வாங்கிய முட்டைகளை, விசிறியும் தானாகத் திருப்பும் தட்டும் உள்ள தெர்மோகோல் பெட்டியில், 37.5 டிகிரி வெப்பத்திலும் 55 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருந்தேன். பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கரு கூடாத மூன்றை எடுத்துவிட்டேன். 25ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரத்துணி வைத்து ஈரப்பதத்தை 70க்கு உயர்த்தினேன். இடையில், 18ஆம் நாள் இரவு, மின்தடையால் பெட்டி ஐந்து மணி நேரம் குளிர்ந்துபோனது. தாமதத்திற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நேற்று மாலையிலிருந்து ஐந்து முட்டைகளின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகின் நிழல் அசைகிறது. காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலியும் கேட்கிறது. எத்தனையோ முறை கோழியை அடைவைத்த அம்மாவோ, கை வைக்கவே கூடாது என்கிறார். உள்சவ்வைக் கிழித்து 24 மணி நேரமாகியும் ஓட்டைக் கொத்தாத குஞ்சுக்கு, காற்றறைப் பக்கம் ஊசியால் சிறு துளையிடலாமா?