கபடிச் சண்டை: முகத்தைப் போடுவதா, கணக்கைக் கேட்பதா?

மேலமாசி:
மேலூர் ரோட்டில் எங்கள் கிராமத்து மின்னொளி கபடி. போன சனிக்கிழமை அரையிறுதி, கடைசி ரைடு. பின்னங்கால் தரையில் இருந்தது என்று நடுவர் போனஸ் தரவில்லை. அவ்வளவுதான், சேர் பறந்தது, ட்யூப் லைட் நொறுங்கியது, இரண்டு பைக், ஒரு டீக்கடை காலி. என்னிடம் வீடியோ இருக்கிறது. முகமெல்லாம் பளிச். வாட்ஸாப்பில் ஏற்றப் போகிறேன். 2011 ஜூன் 15இல் கனடாவின் வான்கூவரில் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம் பாஸ்டனிடம் 4-0 என்று போனதும் காரையெல்லாம் எரித்தார்கள். ஜனங்களே படம் போட்டு ஆளைக் காட்டிக்கொடுத்தார்கள். 300 பேர் அளவுக்கு வழக்கு.

கீழவாசல்:
அண்ணே, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். அங்கே படத்தில் மாட்டிய ஒரு பள்ளிப் பையன் தானே முன்வந்து மன்னிப்புக் கேட்டான். அப்படியும் அவன் குடும்பம் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. வாகனக் காப்பீட்டு நிறுவனம் முகம் கண்டுபிடிக்கும் மென்பொருள் தருகிறோம் என்று போலீசிடம் சொன்னது. கோர்ட் உத்தரவு இல்லாமல் கூடாது என்று தனியுரிமை ஆணையர் சொல்லிவிட்டார். நீங்கள் எனக்கு அனுப்பிய துண்டில் சிவப்பு பனியன் போட்டவன் ப்ளஸ் டூ படிக்கிறான். வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு உங்கள் மேல்தான் பாயும்.

மேலமாசி:
பைக்கைக் கவிழ்க்கும்போது ப்ளஸ் டூ ஞாபகம் இல்லையாக்கும்! வான்கூவரில் மறுநாள் காலை ஊர்க்காரர்களே விளக்குமாறோடு வந்து கூட்டினார்கள். இங்கே டீக்கடைக் கண்ணாடியை யார் கூட்டினார்? அவர் சம்சாரம், தனியாக.

பந்தல்காரன்:
சேர் என்னுடையது. 200 போட்டேன், 63 உடைந்து வந்தது. கம்பியைக் காய்ச்சி விரிசலின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, நைலான் நூலில் தைத்து 19 சேரை மீட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு ஆகாது, கேத வீட்டுக்கு ஓடும். மிச்சத்துக்கு யார் காசு? கமிட்டியில் கேட்டால் உடைத்தவனிடம் கேள் என்கிறார்கள். முகத்தை வைத்து நான் என்ன செய்ய?

கீழவாசல்:
இதைத்தான் சொல்கிறேன். வான்கூவரில் 1994லும் தோற்றபோது இதே கூத்து. அதனால் 2011இல் அடித்தவனோடு நிறுத்தாமல், பெரிய திரை வைத்து ஒன்றரை லட்சம் பேரைத் தெருவில் கூட்டியது யார், ஏற்பாடு போதுமா என்று தனியாக ஆய்வு வைத்துக் கேட்டார்கள். பொதுச்சொத்து, தனியார் சொத்து சேத வழக்கில் 2009இல் நம் உச்ச நீதிமன்றமும் செய்தவனோடு நடத்தியவனுக்கும் பொறுப்பு என்றது. அலங்காநல்லூரில் இரட்டைத் தடுப்பு, டோக்கன், மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. காளை ஓடுகிற இடத்தில் இருக்கிற ஏற்பாடு கபடிக்குக் கிடையாது. நம் மைதானத்தில் கயிறுகூடக் கட்டவில்லை.

மேலமாசி:
சரி, ஆனால் ஒன்று. அதே வான்கூவரில் காப்பீட்டு நிறுவனம் நஷ்டம் கேட்டுப் போட்ட வழக்கில், எந்தக் காரில் கை வைத்தானோ அந்தக் காருக்குத்தான் அவன் பொறுப்பு, மொத்தத்துக்கும் இல்லை என்று தீர்ப்பானது. அப்படியென்றால் எவன் எதை உடைத்தான் என்று தெரிய வேண்டாமா? அதற்கு என் வீடியோதானே வேண்டும்?

கீழவாசல்:
வேண்டும். ஸ்டேஷனில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். சித்தி வீட்டு குரூப்பில் போடாதீர்கள்.

கமிட்டியில் ஒருவன்:
இவ்வளவு நாள் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அனுமதி ராத்திரி பத்து மணி வரைதான். சண்டை வந்தபோது ஒன்றரை. ஃபிளக்ஸில் என் படமும் இருக்கிறது, மாட்டேன் என்று சொல்ல முடியாது. வசூல் நோட்டு என்னிடம்தான். ஞாயிறு காலை மந்தையில் உட்காருவோம். பந்தல்காரண்ணே, தைத்த சேரில் ஒன்று கொண்டு வாருங்கள். மேலமாசி அண்ணனும் வீடியோவோடு வரட்டும். சிவப்பு பனியன் என் அக்கா மகன்தான், அவனையும் கூட்டி வருகிறேன்.