போர்க்காலக் காதல் நாவலில் காலிபர் அணிந்த நாயகி: உங்கள் அனுபவம் என்ன?

தாழ்வாரம்:

இரண்டாம் உலகப் போரில், லண்டன் குண்டுவீச்சுக் காலத்தில் நடக்கும் அந்தக் காதல் நாவலை இங்கே பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் கதையைச் சொல்லப் போவதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பி, காலைத் தாங்கும் உலோகச் சட்டமான காலிபர் அணிந்த நாயகி, விடுப்பில் வரும் விமானி, 1940 செப்டம்பரில் தொடங்கும் இரவுகள். என்னை இன்றுவரை உறுத்துவது ஒரே ஒரு காட்சிதான். அபாயச் சங்கு ஒலிக்கிறது. இருவரும் சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்குகிறார்கள். நடைமேடையில் அவன் அவள் முன் மண்டியிட, அவளும் சட்டென்று மண்டியிட்டு அவனைத் தழுவிக்கொள்கிறாள்.

நான் ஆறு வயதிலிருந்து தொடைவரை நீளும் காலிபர் அணிபவள். நிற்கும்போது முழங்காலின் இருபுறமும் உள்ள வளையங்கள் கீழிறங்கிப் பூட்டிக்கொள்ளும். உட்காரவோ மண்டியிடவோ வேண்டுமானால் குனிந்து அவை இரண்டையும் விரலால் மேலே தூக்க வேண்டும். அப்போது ‘டக்’ என்று ஓர் ஓசை எழும். இளமை முழுவதும் அந்த ஓசைக்காகக் கூசியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அந்த ஓசை வரும், அவன் அதைக் கேட்பான் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அதுவரை என்னோடு நடந்து வந்த நாயகி அந்த ஒரே வரியில் என்னை விட்டுப் போய்விட்டாள்.

மெழுகுத்திரி:

தாழ்வாரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒரு வரிக்காக முழு நாவலையும் ஒதுக்கிவிடாதீர்கள் என்றே சொல்வேன். எனக்குச் செவித்திறன் மிகக் குறைவு. எதிரிலிருப்பவரின் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். அதே காலத்தைப் பின்புலமாகக் கொண்ட இன்னொரு நாவலில் நாயகிக்குக் காது கேட்காது. 1939 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில், எதிரி விமானங்களுக்குத் தெரியாதபடி இரவில் விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு நடைமுறையில் இருந்ததால், மாலையானதும் தெருவில் அவளுக்கு உலகமே ஊமையாகிவிடுகிறது. பிரியும் இரவில் நாயகன் ஏதோ சொல்கிறான். அவளுக்கு அது எட்டவில்லை. அவன் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் வாயருகே பிடித்துக்கொண்டு, அதையே மீண்டும் சொல்கிறான். தெருமுனையிலிருந்து இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் அதட்டுவது அவனுக்கு மட்டும் கேட்கிறது. குச்சி விரலைச் சுடும்வரை அவன் அணைக்கவில்லை.

என் கணவரும் மின்சாரம் போனால் கைப்பேசியின் வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டுதான் என்னோடு பேசுவார். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

பழைய வாசகன்:

நான் முப்பது ஆண்டுகள் இயன்முறை மருத்துவராக இருந்தவன். என் அனுபவம் சிறியது. சிகிச்சைக்கு வந்த ஒரு பெண், தாழ்வாரம் குறிப்பிடும் அதே நாவலை எனக்குப் படிக்கக் கொடுத்தார். கடைசி அத்தியாயத்தின் தாள்களை மட்டும் ஊசியால் தைத்து மூடியிருந்தார். நாயகி காலிபரைக் கழற்றிவிட்டு நடனமாடும் அத்தியாயம் அது.

ஆகவே, மெழுகுத்திரி அவர்களே, “ஒரு வரிதானே” என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. போர்க்காலத்தில் படிக்கட்டு என்பது சிறிய விவரமன்று. 1943 மார்ச் 3 அன்று லண்டனின் பெத்னல் கிரீன் நிலையத்தில், பதுங்கிடத்துக்கு இறங்கும் இருண்ட படிகளில் ஒரு பெண் தடுக்கி விழுந்ததைத் தொடர்ந்து 173 பேர் நெரிசலில் மாண்டார்கள். அங்கே குண்டு ஒன்றுகூட விழவில்லை. அப்படிப்பட்ட படிகளில் காலிபரோடு ஒருத்தி இறங்குகிறாள் என்றால், பின்னால் வருபவர்களின் அவசரத்தையும் அவள் கை தேடும் பிடிமானத்தையும் எழுதாமல் காதலை மட்டும் எப்படி எழுத முடியும்?

இத்தகைய நாவலை எழுத நினைப்பவர்களுக்கு இன்னும் சில சொல்ல விரும்புகிறேன். உடற்குறை உள்ள பெண்ணைக் காப்பாற்றப்பட வேண்டியவளாக மட்டுமே காட்டாதீர்கள். அமெரிக்கரான வர்ஜீனியா ஹால் 1933இல் துப்பாக்கி விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்; மரக்காலோடு பிரிட்டனின் உளவாளியாகப் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கியவர்; 1942 நவம்பரில் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலையை நடந்தே கடந்தவர். ஜெர்மனியைக் களமாகக் கொண்டால், காதலுக்குத் தடையாகக் குடும்பத்தையோ அந்தஸ்தையோ தேடவே வேண்டாம். பரம்பரைக் காது கேளாமை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் அங்கே 1934 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருந்தது. பரம்பரை நோயுள்ளவர்களென்று அரசு கருதியவர்களின் திருமணத்தையே 1935ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. போர் தொடங்கியபின், மருத்துவமனைகளில் இருந்த மாற்றுத்திறனாளிகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1941 ஆகஸ்டுக்குள் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். இவற்றை அறியாமல் அந்தக் காலத்தை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிடக் கூடாது.

கரையோரம்:

ஐயா, நீங்கள் சொன்ன வரலாறு அவசியமானது. ஆனால் தாழ்வாரம் கேட்டது வரலாறு அன்று, அந்த ஓசையை. நானும் என் அக்காவுக்கு இந்த நாவலை வாசித்துக் காட்டியவள்தான். அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். விமானி அவளைக் கேட்காமலேயே தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, “அவளிடம் கேட்டானா என்று முந்தைய பக்கத்தைப் பார்” என்றார். பார்த்தேன், கேட்கவில்லை. நான்கூட அன்று காலை அவரைக் கேட்காமல்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன்.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. மெழுகுத்திரி சொன்னதால் நேற்றிரவு மறுபடி புரட்டினேன். விமானி விடுப்பில் வருவதற்கு முந்தைய மாலை, நாயகி காலிபரின் தோல் வாருக்கு எண்ணெய் தடவி, வெடித்திருந்த ஓரத்தை மெழுகால் தேய்த்து மூடும் ஒரு பத்தி இருக்கிறது. முதல் வாசிப்பில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பத்தியை நான்கு முறை படித்தேன். மண்டியிடும் காட்சியை இன்னமும் மன்னிக்க முடியவில்லை.