கொம்பனியோட சேர்ந்து தகவல் பாதுகாப்பு ஆய்வு: வாயைக் கட்டுற ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கலாமோ?

பம்பைமடு மாணவி:
வணக்கம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில இறுதியாண்டு படிக்கிறன். தமிழில வாற ஏமாத்துக் குறுஞ்செய்திகளைத் தானாகப் பிடிக்கிறதுதான் எங்கட குழுவின்ர ஆய்வு. கொழும்புக் கொம்பனி ஒண்டு தரவும் சேர்வரும் தரச் சம்மதிச்சிருக்கு. ஒப்பந்தத்தில ஒரு வரிதான் இடிக்குது: அவையின்ர எழுத்துமூல அனுமதி இல்லாமல் முடிவுகள் ஒண்டையும் வெளியிடேலாது. என்ன செய்யலாம்?

கிளிநொச்சிப் பெடியன்:
தங்கச்சி, யோசிக்காமல் வையுங்கோ. நானும் கொழும்பில இந்தத் துறையிலதான் வேலை. 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் இன்னொருத்தரின்ர கணினிக்குள்ள போறதே குற்றம். சொந்தக்காரன் கதவைத் திறந்தால்தான் உண்மையான சிஸ்டத்தைத் தொட்டுப் பாக்கலாம். டிஜிட்டல் கையொப்பங்களுக்குப் பாவிச்ச எஸ்எச்ஏ-1 எண்ட கணக்கு முறையை 2017 இல உடைச்சுக் காட்டினது ஆம்ஸ்டர்டாமில இருக்கிற சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் சேர்ந்து. ஒரு சிபியு (கணினியின்ர மெயின் சிப்) 6500 வருசமும், பிறகு ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 110 வருசமும் ஓடவேண்டிய கணக்கு அது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தை மட்டும் வைச்சு உதைச் செய்யேலுமே?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
வைக்காதை பிள்ளை. கார்ச் சாவியில இருக்கிற மெகாமோஸ் கிரிப்டோ சிப்பின்ர ஓட்டையை பேர்மிங்காம், ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சினம். அதைப் பற்றின கட்டுரையை வெளியிடக்கூடாதெண்டு 2013 இல வொக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில தடை வாங்கினது. கட்டுரை வெளியில வந்தது 2015 இல. அதுவரைக்கும் அந்தக் கார் வைச்சிருந்த சனத்துக்கு ஆர் சொன்னது?

எங்கட பக்கத்து வீட்டு அம்மா, வெளிநாட்டு மகனின்ர காசு வந்திருக்கு எண்டு தமிழில வந்த மெசேஜை நம்பினவ. போனுக்கு வந்த ஆறு இலக்க வாட்ஸ்அப் குறியீட்டைக் கலண்டர் தாளில எழுதி, கண்ணாடி போட்டு ஒவ்வொண்டா வாசிச்சுக் குடுத்தா. வாட்ஸ்அப் போட்டுது. பிறகு அவவின்ர பேரில சொந்தக்காரர் எல்லாரிட்டையும் காசு கேட்டிருக்கிறாங்கள். இது எப்பிடி நடக்குது எண்டு அவவுக்குச் சொல்லேலாத ஆய்வு எங்களுக்கு என்னத்துக்கு?

கிளிநொச்சிப் பெடியன்:
ரீச்சர், அந்த அம்மாவின்ர கதை மனசைப் பிசையுது. ஆனா நீங்கள் சொன்ன வழக்கில கொம்பனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலை செய்யேல்லை. முதலே எழுதி ஒத்துக்கொண்டிருந்தால் கோர்ட்டுக்கே போகத் தேவையில்லை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
கையெழுத்து வைக்காதவையையே ரெண்டு வருசம் மறிச்சினம் தம்பி. வைச்ச பிள்ளையை? 2008 இல மைஃபேர் எண்ட சிப் அட்டையின்ர ஓட்டையைப் பற்றின கட்டுரையை நிப்பாட்ட, அந்தச் சிப்பைச் செய்த என்எக்ஸ்பி கொம்பனி கேட்டபோது நெதர்லாந்து நீதிமன்றம் மறுத்தது. பாதிப்பு வாறது கட்டுரையால இல்லை, குறையோட சிப்பைச் செய்து வித்ததால எண்டுதான் தீர்ப்பு. அந்த உரிமையைப் பிள்ளை தானாகவே எழுதிக் குடுக்கப்போறாள்.

மாங்குளத்து மில்:
நான் அரிசி ஆலை நடத்திறவன். தொழில்துறை எண்டால் கொழும்பு மட்டுமோ? எனக்குத் தெரிஞ்ச சங்கம் ஒண்டில எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதையும் ரேப்பில எழுதித் திரையின்ர ஓரத்தில ஒட்டி வைச்சிருக்கினம். உறுப்பினரின்ர அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் எல்லாம் அதுக்குள்ளதான். இஞ்ச வந்து ஆராய்ஞ்சால் ஒருத்தரும் வாயைக் கட்டமாட்டினம். என்ர ஆலையிலயே தொடங்குங்கோ, கணக்குக் கணினியைத் திறந்து விடுறன்.

கிளிநொச்சிப் பெடியன்:
ஐயா சொல்றது நியாயம். ஆனா ஆயிரக்கணக்கான மெசேஜ் உங்களிட்ட இல்லையே. தங்கச்சி, அந்த வரியை மட்டும் மாத்தக் கேளுங்கோ. மென்பொருள் ஓட்டைகளைத் தேடுற கூகுளின்ர புரொஜெக்ட் சீரோ குழு, ஓட்டையைத் திருத்த 90 நாள் குடுக்குது. அதுமாதிரி, 90 நாளுக்குப் பிறகு அனுமதி கேக்காமல் வெளியிடலாம் எண்டு எழுதச் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
சிப்புக்கு 90 நாள் சரி. ஏமாத்து மெசேஜ் கிழமைக்கொரு வேசம் போடும். அதோட, அந்தத் தரவு ஆற்றை? 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. மெசேஜில இருக்கிற பேரையும் நம்பரையும் அழிச்சுப்போட்டுத்தான் தருவினமோ எண்டு முதல்ல கேள்.

பம்பைமடு மாணவி:
90 நாள், மெசேஜின்ர மாதிரிகளுக்கு மட்டும் 7 நாள், பேர் நம்பர் அழிச்ச தரவு எண்டு எழுதி அனுப்பிட்டன். ஒத்துக்கொள்ளாட்டி வைக்கமாட்டன். ரீச்சர், அந்த அம்மாவுக்கு வந்த மெசேஜை நாங்கள் பாக்கலாமோ? அவவின்ர விபரம் ஒண்டும் வெளியில வராது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
கேட்டனான். மெசேஜ் போனில கிடக்காம். கலண்டர் தாளும் கிழிக்காமல் சுவரில இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் வாங்கோ, அவவே காட்டுறாவாம்.